‘சரி’ சொல்லக்கூடாத ஆய்வுகூடம்

போன மாதம் திவ்யா எனக்கு ஃபோன் எடுத்தாள். நான் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்த ஆய்வுகூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நான் வெள்ளவத்தைச் சந்தைக்குள் ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டும் மற்றக் கையில் குடையுமாக நின்ற நேரம்.

"ரெஜினாக்கா, கட்டடம் முழுக்க பெயின்ட் அடிக்கிறம். அந்தப் பச்சைக் கதவில இருக்கிற எழுத்தை அழிக்கட்டோ? வெளியில இருந்து வாற ஆக்கள் அதைப் பார்த்துச் சிரிக்கினம். இப்ப எங்களிட்ட இருக்கிற புது சொஃப்ட்வெயார் எல்லாத்தையும் தானே பார்த்து, மூலையில பச்சை நிறத்தில ஓகே எண்டு காட்டுது. இனி அந்தக் கதவு எங்களுக்கு என்னத்துக்கு?"

கதவில் மூன்று மொழியில் எழுதியிருப்பது ஒரே விஷயம்தான்: "சரி, ஹரி, ஓகே — இந்தக் கதவுக்கு வெளியே." ஹரி என்பது சிங்களத்துச் சரி. கதவில் அது ஏன் எழுதப்பட்டது என்று திவ்யாவுக்குத் தெரியாது. அவள் வேலைக்கு வந்தபோது எழுத்து ஏற்கனவே பழசாகியிருந்தது. சந்தைக்குள் நின்று சொல்லக்கூடிய கதை அல்ல, எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஒரு பக்கம் போதும் அக்கா என்றாள். ஓய்வு பெற்ற மனுசியிடம் ஒரு பக்கம் கேட்டால் என்ன வரும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் கம்பனி இரத்மலானையில், விமான நிலைய மதிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் பறக்கும் சின்ன விமானங்களுக்குத் தரையிறங்கும் கால்களும் சக்கரங்களும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் தொழில். அனுப்புவதற்கு முன்னர் அவற்றை ஆட்டி, விழுத்தி, உருட்டி, முறித்துப் பார்க்கிற இடம் ஆய்வுகூடம். மற்றவர்கள் கவனமாகச் செய்த பொருளை நாங்கள் கவனமாக உடைப்போம். பிற்காலத்தில் அதே வேலையைக் கணினிக்குள்ளும் செய்யத் தொடங்கினோம். காலையும் சக்கரத்தையும் கணக்காக எழுதி, அந்தக் கணக்கை ஆட்டிப் பார்ப்பது. அதற்கு மாதிரி என்று பெயர். அந்த மாதிரி கட்டுகிற வேலைதான் கடைசியில் என் வேலையானது.

ஆனால் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு சுத்தியல். கம்பஸில் இன்ஜினியரிங் முடித்து வந்தவளிடம் அதைக் கொடுத்து, ஒவ்வொரு இரும்பாகத் தட்டு என்றார்கள். அது வெறும் சுத்தியல் அல்ல. அதன் தலைக்குள் எவ்வளவு பலமாகத் தட்டினோம் என்று அளக்கிற உணரி இருக்கிறது. தட்டப்படுகிற பொருளில் இன்னொரு உணரி ஒட்டியிருக்கும். எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால்தான் விமானத்தில் பூட்டிய பிறகு எது எதனோடு சேர்ந்து துள்ளும் என்று சொல்லலாம். இதையெல்லாம் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் விளக்க முடியவில்லை.

"என்ன வேலை பிள்ளை குடுத்திருக்கினம்?" என்று அம்மா கேட்டா.

"சுத்தியலால தட்டுறன் அம்மா."

"இதுக்கோ கம்பஸ் போனனீ? எங்கட ஒழுங்கை முடக்கில தகரக் கடைக்காரன் விடிஞ்சதில இருந்து தட்டுறான். அவனிட்டயே விட்டிருக்கலாம்."

அப்பா துறைமுகத்தில் கிளார்க். அவர் சிரித்துக்கொண்டு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். நானும் கோபிக்கவில்லை. அந்த வேலை எனக்கு முதல் நாளே பிடித்துப் போய்விட்டது. சந்தோசமாகத் தட்டினேன். ஒருமுறை உணரிகளையும் வயர்களையும் அம்மாவுக்குக் காட்டலாம் என்று சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, வழியில் செக்பொயின்டில் பையைத் திறந்து காட்டவேண்டி வந்தது. அந்த யுத்தக் காலத்தில் கொட்டாஞ்சேனை விலாசத்தோடு ஒரு தமிழ்ப் பிள்ளையின் பைக்குள் வயர் இருந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் தலைவர் நசீர் சேர் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அங்கேயே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக அவர் ஏசவில்லை. வாகனம் கம்பனி வாசலுக்கு வந்த பிறகு, "மகள், நாளையில இருந்து சாப்பாட்டுப் பையில சாப்பாடு மட்டும்" என்றார்.

நசீர் சேரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மருதானைக்காரர். மெலிந்த மனுசன், அரைக்கை வெள்ளைச் சேட்டு, எப்போதும் கையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. கோப்பைக்கு மேலே பீரிசுத் தட்டைக் கவிழ்த்து மூடியிருப்பார், ஆய்வுகூடத்தின் இரும்புத் தூள் விழக்கூடாது என்று. ஒரு பரிசோதனை நல்லபடி முடிந்தால் வேறு இடங்களில் பாஸ் என்பார்கள். இவர் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. "இன்னம் ஒடயல்ல" என்பார். இன்னும் உடையவில்லை, அதுதான் அவர் தரும் உச்சப் பாராட்டு.

இன்னொரு பழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். எந்தப் பரிசோதனைக்கும் முன்னர், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் பச்சைக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதவேண்டும். "மொதல்ல சொல்லுங்க, பொறகு ஆட்டுங்க. ஆட்டினதுக்குப் பொறகு எனக்கு முந்தியே தெரியும்னு சொல்ற ஆக்கள் கொழும்பு முழுக்க ஈக்காங்க" என்பார். பிழையாக எழுதியவர் எல்லோருக்கும் மாலு பாண், அதுதான் மீன் வைத்த பணிஸ், வாங்கித் தரவேண்டும். வாசலில் இருந்த பேக்கரிக்காரருக்கு எங்கள் பிழைகளில்தான் வியாபாரம் நடந்தது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

ஆய்வுகூடத்தின் நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு இரும்புக் கோபுரம் இருந்தது. விமானக் காலை ஒரு கூட்டில் பூட்டி, கூட்டுக்குள் இரும்பு எடைகளை அடுக்கி, மேலே தூக்கிக் கீழே விழுத்துவோம். விமானம் முரட்டுத்தனமாகத் தரையில் மோதினால் கால் என்ன ஆகும் என்று பார்க்கிற முறை அது. கூடு மேலே இருக்கும்போது தவறி விழாமல் குறுக்கே ‘பின்’ என்கிற தடித்த இரும்புக் கம்பி ஒன்று மாட்டியிருக்கும். பின்னைக் கழற்றி, எல்லோரும் கம்பி வலைக்குப் பின்னால் வந்த பிறகுதான் பொத்தானை அமத்துவது.

ஒருநாள் கோபுரத்தின் மேலே வேலை செய்தவர் ரஞ்சித். என் வயதுதான் அவருக்கும், எங்கள் ஆய்வுகூடத்தில் ஹைட்ரோலிக் வேலை எல்லாம் அவர் கையில். சிங்களவர், தமிழும் கதைப்பார், ஆனால் எந்த மொழியில் கதைத்தாலும் அரைவாசி வசனத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வார். அவர் ஒரு திருகுச் சாவியை எடுக்கக் கீழே இறங்கி வலைக்குப் பின்னால் வந்தார். நான் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பின் கழட்டினதா ரஞ்சித்?" என்று கேட்டேன்.

"ஹரி, ஹரி" என்றார்.

கழற்றியாகிவிட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன். சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கழற்றுகிறேன் என்ற அர்த்தத்தில்தான் அவர் சொன்னார். பொத்தானை அமத்தினேன். கொளுக்கி திறந்தது. கூடு விழவில்லை, பின்னில் ஒரு பக்கமாகத் தொங்கிச் சரிந்தது. உள்ளே அடுக்கிய எடைகள் ஒவ்வொன்றாக வழுக்கி வெளியே வந்து சீமெந்துத் தரையில் விழுந்தன. கீழே இருந்த அளவுத் தட்டு அப்பளமாகியது. கடைசி எடை உருண்டு உருண்டு போய்க் கன்டீன் வாசலில் நின்றது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றுக் கையோடு எழும்பி வந்து பார்த்தார்கள்.

நசீர் சேர் மூடிய கோப்பையோடு வந்தார். "ரெண்டு பேருக்கும் கை கால் எல்லாம் ஈக்கா?" இருக்கிறது என்றோம். "அப்ப சொல்லுங்க. நீங்க என்ன கேட்ட? அவர் என்ன சொன்ன?"

சொன்னோம். திரும்பவும் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை எங்களை அதே இடங்களில் நிற்கவைத்து, பாடசாலை நாடகம் மாதிரி, கேட்ட மாதிரியே கேட்கவும் சொன்ன மாதிரியே சொல்லவும் வைத்தார். கன்டீன் கூட்டம் ரசித்துப் பார்த்தது. பழி யார் தலையில் விழப்போகிறது என்று நான் பயந்துகொண்டு நின்றேன்.

"உங்க ரெண்டு பேர்லயும் பிழ இல்ல" என்றார் கடைசியில். "அந்தச் சொல்லுல தான் பிழ."

பிறகு விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். கேட்டுது என்றாலும் சரி. செய்யப்போறேன் என்றாலும் சரி. செய்தாச்சு என்றாலும் சரி. கணக்குப் பிழையில்லை என்றாலும் சரி. போதும், வாயை மூடு என்றாலும் சரி. ஃபோனை வைக்கப்போறேன் என்றாலும் சரி. சிங்கள ஹரியும் அப்படித்தான், ஓகே அதற்கும் மேலே. "இத்தின பேர் ஒரே சட்டயப் போட்டுக்கொண்டு வந்தா எனக்கு எப்பிடி ஆளத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, சுண்ணக்கட்டியை எடுத்துப் பச்சைக் கதவில் எழுதினார். அடுத்த வாரம் பெயின்டர் ஒருவரைக் கூப்பிட்டு அதை நிரந்தரமாக்கினார்.

சட்டம் எளிது. கதவுக்கு உள்ளே அந்த மூன்று சொல்லும் கிடையாது. நடந்ததை முழு வசனமாகச் சொல்லவேண்டும். "பின்னைக் கழற்றினேன், என் கையில் இருக்கு." மறந்து சொன்னால் மாலு பாண்.

சரி சொல்லாமல் தமிழ் கதைத்துப் பாருங்கள். முதல் வாரம் ஆய்வுகூடத்தில் பேச்சே இல்லை. ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினோம், நசீர் சேர் தலையாட்டலையும் தடை செய்தார். ரஞ்சித்தின் நிலைமைதான் பரிதாபம். பிறந்ததிலிருந்து வசனத்தின் முதல் பாதியில் ஹரியும் கடைசியில் ஹரியும் வைத்துக் கதைத்த மனுசன். தினமும் மாலு பாண் வாங்கினார். பேக்கரிக்காரர் அவரை எழும்பி நின்று வரவேற்கத் தொடங்கினார். ஆனால் ஒரு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த வசனங்கள் எங்கள் எல்லோருடையதையும் விடத் திருத்தமாக இருந்தன.

பழக்கம் கதவோடு நிற்கவில்லை. அடுத்த வருசம் எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளவத்தை, வங்கியில் வேலை. இரு வீட்டாரும் இருக்க, பெரியப்பா என்னைப் பார்த்து, "அப்ப சரிதானே பிள்ளை?" என்றார்.

"என்னத்தைக் கேக்கிறீங்கள் பெரியப்பா?" என்றேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். நான் அவசரமாக, "எனக்கு இவரைக் கலியாணம் கட்டச் சம்மதம்" என்று முழு வசனமாகச் சொன்னேன். இப்படி வெளிப்படையாகச் சொல்கிற பிள்ளையை அவர்கள் வீட்டில் பார்த்ததில்லையாம். என் கணவர் இன்றைக்கும் யாராவது வந்தால் அந்த வசனத்தை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

வருசங்கள் போயின. கணினி வந்தது, நான் சுத்தியலிலிருந்து மாதிரிக்கு மாறினேன். ஆனால் கதவில் எழுதும் பழக்கம் மாறவில்லை. முதலில் என் மாதிரி சொல்வதை எழுதுவோம், பிறகு கோபுரத்தில் பார்ப்போம். தொடக்கத்தில் நிறைய மாலு பாண் வாங்கினேன். போகப் போகக் குறைந்தது. என் மாதிரிகளை வெளிநாட்டுக்காரர் நம்பத் தொடங்கினார்கள். அங்கேதான் வந்தது சிக்கல்.

நசீர் சேர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன. எங்கள் பெரிய வாடிக்கையாளர் கம்பனி, மூக்குச் சக்கரத்தின் காலை இன்னும் பாரம் குறைவாகச் செய்யச் சொன்னது. செய்தோம். மூக்குச் சக்கரத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூப்பர் மார்க்கெட் வண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் முன் சக்கரம் ஒன்று இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடும், பார்த்திருப்பீர்கள். விமானம் தரையில் ஓடும்போது அதுவே நடந்தால் ஓட்டுநரின் கையிலிருந்து திசை போய்விடும், கால் முறியவும் கூடும். ஆங்கிலத்தில் இதற்கு ஷிமி என்று நாய்க்குட்டிக்கு வைக்கிற மாதிரிப் பெயர். ஆனால் கடிக்கிற நாய்.

மதிலுக்கு அப்பால் இருந்த பறக்கும் பாடசாலையில் அந்த வகை விமானம் ஒன்று இருந்தது. புதிய காலை அதில் பூட்டிப் பறந்து பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. பறக்கவிருந்தவள் ஷெஹானி, அங்கே பயிற்சி கொடுக்கிற பிள்ளை. தான் பறக்கப்போகும் காலை முதலில் பார்க்கவேண்டும் என்று ஒருநாள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தாள். எங்கள் மாலு பாண் ஒன்றைச் சாப்பிட்டாள். சக்கரத்தைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் என்னிடம் கேட்டாள்: "அக்கே, நான் இறங்கினதும் இது என்னை எங்க கொண்டு போகும்?"

"நேராக் கொண்டு போகவேணும். அதுதான் எங்கட வேலை."

"நேராப் போனால் போதும். புல்லுக்குள்ள போனால் அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். பிறகு என்னைப் பறக்க விடமாட்டா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு அந்தச் சக்கரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா என் மனதில் வந்து நின்றா, நான் பார்த்தே இராத ஒரு மனுசி.

அந்த வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் கம்பனியின் பொறியியலாளர் மார்ட்டின் வீடியோவில் வந்தார். நல்ல மனுசன், ஆனால் அவசரம். பழைய காலுக்கு என் மாதிரி சொன்னதும் பரிசோதனையில் கண்டதும் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தன. அந்தக் கணினி மாதிரிதான் புதிய கால் ஆடாது என்றும் சொல்கிறது. அப்படியிருக்க இன்னொரு முறை உருட்டிப் பார்த்து ஏன் நாளைக் கடத்தவேண்டும், நேரே விமானத்தில் பூட்டுங்கள் என்றார். எங்கள் முகாமையாளர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அடுத்த பெரிய ஓடர் இந்தக் காலில்தான் தொங்குகிறது, பிந்தினால் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று காலையிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஓடர் போனால் ஆய்வுகூடமும் சுருங்கும் என்பதை அவர் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியும்.

"அப்படியென்றால் ஓகேயா?" என்று மார்ட்டின் என்னைக் கேட்டார்.

முகாமையாளர் என்னைப் பார்த்தார். ஒரு சொல் போதும். வேறு எந்தக் கம்பனியிலும் அந்தச் சொல் தானாக விழுந்திருக்கும். ஆனால் என் வாய் கெட்டுப் போயிருந்தது, முழு வசனம் மட்டும்தான் வரும். "புது புஷ்கள் போட்டு, அவற்றுக்குள் ஆட்டம் எதுவும் இல்லாதபோது, சக்கரத்தைப் பக்கவாட்டில் தட்டினால் அது நேராகத் திரும்பி வரும் என்று மாதிரி சொல்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்ல வந்தேன்.

"புது" என்ற இடத்தில் என் நாக்கு நின்றது.

புஷ் என்பது கால் திரும்புகிற இடத்தில் இருக்கும் வளையம். பழைய காலில் அது வெண்கலம், லேசில் தேயாது. புதிய காலில் பாரம் குறைப்பதற்காக மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அது எத்தனை நாளைக்குப் புதிதாக இருக்கும்? பழக வருகிறவர்கள் விமானத்தை நாள் முழுவதும் தரையில் குத்திக் குத்தி இறக்குவார்கள். ஒரு மாதத்தில் பூச்சுத் தேய்ந்து, வளையத்துக்குள் கால் லொடலொடவென்று ஆடத் தொடங்கினால்? அதை என் மாதிரி அறியாது. பழைய காலில் ஆட்டம் இருந்ததில்லை, அதனால் அப்படி ஒன்று இருக்கலாம் என்று யாரும் கேட்டதுமில்லை.

வசனத்தை முடித்தேன். புஷ் தேய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்து முடித்தேன்.

"இது ஆமா, இல்லையா?" என்றார் மார்ட்டின்.

"இது எனக்குத் தெரிந்தது" என்றேன்.

முகாமையாளர் மேசைக்கடியில் காலை ஆட்டுவது எனக்குக் கேட்டது. நசீர் சேர் கோப்பையைக் கீழே வைத்தார். தெரிந்ததை அவ சொல்லிவிட்டா, தெரியாததைத் திங்கட்கிழமை சொல்வோம் என்று மார்ட்டினிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மார்ட்டின், திங்கட்கிழமைக்கு மேல் முடியாது என்றார்.

சனிக்கிழமை நான் மாதிரிக்குள் தேய்ந்த புஷ்ஷின் ஆட்டத்தைப் புகுத்தினேன். அது பெரிய கணக்கு இல்லை, ஆனால் பொல்லாத கணக்கு. ரஞ்சித் லேத்தில் புத்தம்புது புஷ்ஷைக் கடைந்து தேய்ந்தது போலாக்கினார். "இவ்வளவு காலமும் பொருந்தச் செய்யச் சொன்னீங்க மிஸ், இப்ப பொருந்தாமச் செய்யச் சொல்றீங்க" என்று நாள் முழுவதும் புறுபுறுத்தார். மாதிரி எனக்குச் சொன்ன பதில் நல்லதாக இல்லை. ஒரு வேகத்துக்கு மேலே சக்கரம் ஆடும், ஆட்டம் அடங்காது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் பூசை முடித்து, சேலையோடு நேரே இரத்மலானைக்குப் போனேன். நசீர் சேர் என்னைக் கண்டதும், "மகள், அந்த முந்தானைய இடுப்புல செருகுங்க. இண்டைக்குச் சுத்தப்போறது சக்கரம் மட்டும்" என்றார். கதவில் எழுதினோம். நான் "ஆடும்" என்று எழுதினேன். ரஞ்சித் சிங்களத்தில் "ஆடாது" என்று எழுதினார், தன் கையால் கடைந்த புஷ் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நசீர் சேர் இருவருக்கும் கீழே, "தெரியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தோம்" என்று எழுதினார்.

முறை இதுதான். ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு இரும்பு உருளை மோட்டரில் சுற்றும். அதுதான் ஓடுபாதை. சக்கரத்தை அதன் மேல் விமானத்தின் பாரத்தோடு அழுத்தி வைப்போம். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவோம். திரையில் ஒரு அலை எழும்பும். அது சிறுத்துச் சிறுத்து அடங்கினால் சக்கரம் நல்லபிள்ளை.

முதல் வேகம். தட்டினோம், அடங்கியது. அடுத்த வேகம், அடங்கியது. அதற்கடுத்ததும் அடங்கியது. என் மாதிரி சொன்ன வேகத்தைத் தொட்டோம். அங்கேயும் அடங்கியது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக ஓடரைத் தொங்கவிட்டிருக்கிறேன், நாளைக்கு முகாமையாளரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? உண்மையைச் சொல்கிறேன், ஆடவேண்டும் என்று மனதுக்குள் மாதாவிடம் கேட்டேன். அப்போதுதான் பூசை கண்டு வந்தவள் கேட்கிற வரமா அது? அதே நேரம் ஷெஹானியின் அம்மாவை நினைத்து, ஆடக்கூடாது என்றும் கேட்டேன். மாதா குழம்பிப் போயிருப்பா.

"இன்னும் ஒரு படி" என்றார் நசீர் சேர்.

தட்டினோம். அலை எழும்பியது. சிறுக்கவில்லை. அப்படியே நின்றது, பிறகு மெல்ல மெல்லப் பெருத்தது. சத்தம் முதலில் காலுக்கடியில் தெரிந்தது, பிறகுதான் காதுக்கு வந்தது. சக்கரம் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை, பீரிசு மூடியோடு, மேசை நீளத்துக்கு நடந்துபோய் விளிம்பிலிருந்து குதித்தது. ரஞ்சித் சிவப்புப் பொத்தானை அமத்தினார்.

உருளை மெல்ல ஓய்ந்தது. ரஞ்சித் "ஹ" என்று தொடங்கி, விழுங்கிவிட்டு, தமிழில் சொன்னார்: "சக்கரம் ஆடினது. அடங்கேல்லை. நான் தோத்தது."

மூன்று பேரும் சிரித்தோம். ஒரு பொருள் இப்படி மோசமாகத் தோற்றதைக் கண்டு இவ்வளவு சந்தோசப்பட்ட ஆட்கள் இருக்கமாட்டார்கள். எனக்குக் கண்ணீரும் வந்தது. நசீர் சேர் உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "இது ஒடஞ்சிட்டு" என்றார்.

திங்கட்கிழமை மார்ட்டினுக்குச் சக்கரம் ஆடியதை எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினோம். கடைசிவரை பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "ஓகே" என்றார். எங்கள் பக்கத்திலிருந்து மூன்று குரல் ஒன்றாக, "எந்த ஓகே?" என்று கேட்டது. மனுசன் திடுக்கிட்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி முழு வசனம் சொன்னார்: ஆட்டத்தை அடக்க ஒரு சின்ன எண்ணெய்த் தணிப்பான் பூட்டுங்கள், புஷ் எவ்வளவு தேயலாம் என்று எல்லை போடுங்கள், ஓடர் உங்களிடமே இருக்கும். முகாமையாளரின் கால் ஆடுவது நின்றது. தணிப்பானைப் பூட்டி, தேய்ந்த புஷ்ஷோடு எல்லா வேகத்திலும் தட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அலை அடங்கியது.

ஆகவே திவ்யா, கதவுக்குத் தாராளமாகப் பெயின்ட் அடியுங்கோ, ஆனால் காய்ந்ததும் அதே எழுத்தைத் திரும்ப எழுதுங்கோ. உங்கள் சொஃப்ட்வெயார் பச்சையாக ஓகே காட்டும்போது, எந்த ஓகே என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. அது முழு வசனத்தில் பதில் சொன்னால் கதவையே கழற்றி எறியலாம், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஷெஹானி பறந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

மதிலோரம் எடைகளை அடுக்கி, அதன் மேல் ஏறி நின்று பார்த்தோம், நான், ரஞ்சித், நசீர் சேர். புதுக் கோப்பை, அதே பழைய பீரிசு. சின்ன வெள்ளை விமானம் கடல் பக்கம் போய்த் திரும்பி வந்து இறங்கியது. மூக்குச் சக்கரம் தரையைத் தொட்டு, நேராக ஓடியது. திரும்ப ஏறினாள். இரண்டாம் முறை வேண்டுமென்றே கொஞ்சம் முரட்டுத்தனமாகக் குத்தி இறக்கினாள். ரஞ்சித் என் தோளைப் பிடித்துக்கொண்டது அவருக்கே தெரியாது. நேராக ஓடியது. மூன்றாம் முறை இறங்கி, வேகம் குறைந்து, ஓடுபாதை முடிவில் திரும்பி, எங்கள் மதிலைக் கடக்கும்போது கண்ணாடிக்குள்ளிருந்து கையைக் காட்டினாள்.

நசீர் சேர் கோப்பையின் மூடியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சரி" என்றார்.

நானும் ரஞ்சித்தும் ஒருவரையொருவர் பார்த்தோம். கதவில் எழுதிய நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. நாங்கள் நின்றது கதவுக்கு வெளியேதான், சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனாலும் அவர் இறங்கி, கோப்பையை எடையின் மேல் வைத்துவிட்டு, தானே வாசலுக்கு நடந்துபோய் மாலு பாண் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு, "எந்தச் சரி, சேர்?" என்று கேட்டேன்.

அவர் மதிலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சக்கரம் நேரா ஓடின. புள்ள எறங்கி ஊட்டுக்குப் போறா. அந்தச் சரி."